சொதிப் பந்தியில் ஒரு வெப்பமானி

போன வருடம் ஆவணி மாதம், எங்கள் திருநெல்வேலியில் நடந்தது இது. என் நாத்தனார் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். மறுநாள் திங்கட்கிழமை மறுவீட்டுச் சொதி விருந்து. கிழமையைச் சொல்லாமல் எனக்கு எந்தக் கதையையும் ஆரம்பிக்க வராது. நூலகத்தில் புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவள் நான். குடும்பத்தில் யாருக்கு எந்த மாதம் காது குத்தினார்கள், எந்த வருட வெள்ளத்தில் தாமிரபரணி எந்தத் தெரு வரைக்கும் வந்தது என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். "பொண்ணு பார்க்கப் போன எடத்துல பஞ்சாங்கத்தைக் கட்டி வச்சுட்டாங்க" என்பது என் கணவர் எல்லா விருந்தாளிகளிடமும் சொல்லும் நகைச்சுவை. நாற்பது வருடமாக அதே நகைச்சுவைதான்.

அவருக்குப் பேட்டையில் ஒரு சிறிய லேத் பட்டறை. வாழ்நாளெல்லாம் இரும்போடு பழகியவர். சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைச் சத்தமில்லாமல் கெடுத்து, ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்தில், இனி டயாலிசிஸ் இல்லாமல் முடியாது என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கை நரம்பில் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அது பக்குவப்படச் சில மாதங்கள் ஆகும் என்றும், அதுவரைக்கும் கழுத்து நாளத்தில் ஒரு கதீட்டர் குழாய் வைத்துச் சமாளிக்கலாம் என்றும் சொன்னார்கள். குழாயின் வெளிமுனை இடது நெஞ்சில், சட்டைப் பைக்கு நேர் பின்னால் தொங்கியது. வழக்கமாக வலது பக்கம்தான் வைப்பார்களாம். இவருடைய வலது பக்க நாளம் அதற்கு ஒத்துவரவில்லை. அவருடைய உறுப்புகளுக்கும் அவர் குணம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு மூத்த செவிலியர் இருந்தார். நோயாளிகள் எல்லாரும் அவருக்கு அண்ணாச்சி, கூட வருகிறவர்கள் எல்லாரும் அக்கா. முதல் வாரத்திலேயே என்னைத் தனியாக அழைத்து உட்காரவைத்தார்.

"அக்கா, இந்தக் குழாய் நேரா ரத்தத்துக்குள்ள போகுது. அது வழியா கிருமி ஏறிச்சுன்னா ரொம்ப ஆபத்து. கட்டு நனையக்கூடாது. குளிர் நடுக்கம், சிவப்பு, வலி, சீழ், எது வந்தாலும் உடனே எங்களைக் கூப்பிடணும். இன்னொண்ணும் சொல்லுதேன். கொரோனா சமயத்துல நெத்தியில காட்டுத வெப்பமானி வாங்கியிருப்பீங்கள்ளா?"

வாங்கியிருந்தோம். யார் வீட்டில்தான் வாங்கவில்லை?

"அதுல தோல் சூடு மட்டும் காட்டுத மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். தினமும் காலையிலயும் சாயங்காலமும் கட்டுக்குப் பக்கத்துத் தோல்ல ஒரு தடவை பாருங்க. அப்புறம் வலது நெஞ்சுல அதே எடத்துல ஒரு தடவை. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். குழாய்ப் பக்கம் மட்டும் சூடு ஏறி, அப்பிடியே நின்னுச்சுன்னா சொல்லுங்க. இதை மட்டும் வச்சு நாங்க எதையும் முடிவு பண்ண மாட்டோம். ஆனா கண்ணுக்குத் தெரியதுக்கு முன்னால சில சமயம் தோலு சொல்லிரும்."

பார்ப்பதற்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, மின்விசிறிக் காற்று படாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நடந்த திருகுதாளம் எல்லாம் அந்தக் "கொஞ்ச நேரத்தில்"தான் நடந்தது.

இதையெல்லாம் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவருக்கு ஒரே உற்சாகம். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசினார்கள்.

"இது எங்க பட்டறை வித்தைல்லா!" என்றார். "மோட்டார்ல ரெண்டு பக்கமும் தண்டைத் தாங்குத பேரிங் இருக்கு. ஒண்ணு கெடப்போவுதுன்னா சத்தம் வாறதுக்கு முன்னாலயே சூடு வந்துரும். நான் தெனமும் காலையில ரெண்டையும் தொட்டுப் பாப்பேன். ஒருத்தன் இருந்தான், மசகு போடச் சோம்பல். நான் வாறதுக்கு முன்னால ஈரச் சாக்கைப் போட்டு பேரிங்கைக் குளுர வச்சுருவான். எங்கிட்டயா? ஓடுத மோட்டார்ல பேரிங் கொஞ்சமாவது வெதுவெதுன்னு இருக்கணும். ரெண்டுல ஒண்ணு மட்டும் சில்லுனு இருந்துச்சுன்னா அதுதாம்யா சீக்குப் பேரிங்! எவனோ வேலை காட்டியிருக்கான்னு அர்த்தம்."

"அண்ணாச்சி, நீங்க மோட்டார் இல்ல" என்று சொல்லிவிட்டுச் செவிலியர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

நான் வேலையைத் தொடங்கினேன். காலையும் மாலையும் தவறாமல் பார்த்தேன். மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை மாலை இடது பக்கம் ஏறியிருந்தது. ஒரு டிகிரிக்கும் மேலே. மறுபடியும் பார்த்தேன்; அதேதான்.  அவர் "ஒண்ணுமில்லட்டி" என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், சட்டையை மாட்டி, ஆட்டோவில் ஏற்றி, டவுனிலிருந்து ஜங்ஷன் பாலம் வழியாக ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

பாலத்தின் மேல் போகும்போது என் கணவரின் நெஞ்சு பேச ஆரம்பித்தது.

"மொதலாளி, அந்த ஆறு இஞ்சு ஷாஃப்டை எறக்கிரவா?" என்றது.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "எறக்காத, நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று என் கணவர் தன் நெஞ்சுக்கே பதில் சொன்னார்.

விஷயம் இதுதான். படுக்கச் சொன்னாலும் பட்டறையை விட அவருக்கு மனமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை சாய்வு நாற்காலியிலிருந்தே பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். போரிங் மெஷின் இரைச்சலும் ஃபோர்மேனின் புலம்பலும் அவருடைய மார்பிலிருந்து வந்துகொண்டே இருக்கும். எனக்கு அது பழகிப்போய்க் காதில் விழாமலே ஆகிவிட்டது. அன்று மாலையும் நான் சட்டையைக் கழற்றச் சொன்னவுடன் பேச்சை நிறுத்தாமலே கழற்றி, உடனே காட்டிவிட்டார்.

செவிலியர் அவருடைய சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். "அக்கா, இதுல தோசையே சுடலாம்" என்றார். சட்டையில்லாமல் சும்மா உட்காரவைத்து, திரும்பவும் அளந்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. கட்டைத் திறந்து பார்த்த டாக்டரும் எல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு என் நிலைமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பஞ்சாங்க நகைச்சுவையை ஒத்திவைத்துவிட்டுப் புது நகைச்சுவையை ஆரம்பித்தார். "என் பொஞ்சாதி செல்போனுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா தெரியுமா?" காய்கறிக்காரம்மா வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து நான் வெப்பமானியை எடுத்தாலே, "போன் மேசையில இருக்கு, அதுக்கு மொதல்ல பாத்துரு" என்பார்.

இந்த நேரத்தில்தான் கல்யாணம் வந்தது.

மணப்பெண் அவருடைய ஒரே தங்கை மகள். இவர்தான் தாய்மாமன். எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் முகூர்த்தச் சாப்பாட்டைவிட மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடும் சொதி விருந்துதான் பெரிய பேச்சு. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து இறக்கும் சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கூடவே உருளைக்கிழங்கு வறுவல். சிறுநீரக நோயாளிக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியலை ஒரு சமையற்காரர் கையில் கொடுத்து "இதில் ஒன்றுவிடாமல் போட்டு ஒரு விருந்து செய்" என்று சொல்லியிருந்தால் அவர் சொதிதான் செய்திருப்பார்.

ஆனால் தாய்மாமன் சம்பந்தியோடு முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உட்காராவிட்டால் ஆயிரம் கேள்வி வரும். அதனால் சனிக்கிழமை டயாலிசிஸின்போது அவர் செவிலியரிடம் பேரம் பேசினார்.

"நாலு கரண்டி."

"ஒண்ணு."

"சிஸ்டர், நான் தாய்மாமன்."

"உங்க கிட்னிக்கு அது தெரியாதுல்லா, அண்ணாச்சி."

கடைசியில் டாக்டரைக் கேட்டு, இரண்டு சிறு கரண்டி, வறுவல் கூடாது என்று முடிவாயிற்று. பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினவர் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. பட்டு வேட்டியும் ரோஜா மாலையுமாக மணவறைப் பக்கத்தில் நின்று எல்லாச் சீரும் செய்தார். மாலையில் வீட்டுக்கு வந்து நான் அளந்தபோது இடது பக்கம் ஏறியிருந்தது.

"ஏட்டி, பட்டும் மாலையுமா நிக்க வச்சா சூடாகாதா? மொதல்ல ஆற விடு. அரை மணி நேரம் கழிச்சுப் பாரு. இல்லன்னா பேசாம ஆட்டோவைக் கூப்பிடு, திரும்பவும் ஊரு சிரிக்கட்டும்."

ஊர் சிரிப்பு இரண்டாம் முறை வேண்டாம் என்று நானும் நினைத்தேன். செவிலியர் சொன்னபடியே ஓய்வாக உட்காருவதற்காக அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தன. காய்ச்சலும் இல்லை. "சொன்னேன்லா" என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு விஷயங்கள் நடந்தன. காப்பி போடக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் பால் பாக்கெட்டைக் காணோம். முந்தின நாள் நானேதான் வாங்கி வைத்தேன். அவரைக் கேட்டேன்.

"கண்ணாடி போட்டுட்டுத் தேடு" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

வாசலில் பூ வந்ததை வாங்கி வைத்துவிட்டுத் திரும்ப வந்து பார்த்தால் பால் பாக்கெட் அதன் இடத்தில் இருந்தது. ஆனால் தொட்டால் குளிர்ச்சியே இல்லை. பெட்டிதான் பழுதாகிவிட்டது, கல்யாண வேலை முடிந்ததும் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது விஷயம், நான் அளந்தபோது குழாய்ப் பக்கம் வலது பக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷமென்றால் அப்படி ஒரு சந்தோஷம்.  "நல்லாக் குளுந்து கெடக்கு" என்று அவரிடம் நானே சொன்னேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். வெப்பமானியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன், வழக்கம்போல.

மண்டபத்தில் சரியான புழுக்கம். ஆவணியில் அடிக்க வேண்டிய காற்று அன்றைக்கு லீவு. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா, பக்கத்தில் என் கணவர். சம்பந்தி அம்பாசமுத்திரத்துக்காரர், வாட்டசாட்டமான ஆள். எங்களுக்கு அவரைப் பழக்கமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நிச்சயதார்த்தத்தன்று பந்தல் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதில் இவருக்கும் அவருக்கும் ஒரு சிறிய உரசல் வேறு. அதனால் என் நாத்தனார் விருந்து முடியும்வரை ஒரு சத்தமும் வந்துவிடக்கூடாதே என்று பயந்துகொண்டே சுற்றிக்கொண்டிருந்தாள்.

சோறு விழுந்தது. சொதி வாளி வந்தது. அதன் வாசனைக்கு மண்டபமே ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தியது. என் கணவர் இலையில் ஒரு கரண்டி விழுந்தது. அப்போது அவர் பரிமாறுகிறவரைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"தம்பி, அந்த ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிருங்க. குளுருது."

நான் எதிரே வறுவல் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வரிசை முழுக்க வேர்வை வழிகிறது. இவருக்கு மட்டும் குளிர்கிறது. சட்டைக் காலரை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடத்தில் எல்லாம் தானாகவே ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்துகொண்டது. சாத்தின கதவு. குளிர்ச்சி இல்லாத பால் பாக்கெட். வலது பக்கத்தைவிடக் குளிர்ந்திருந்த இடது பக்கம். ரெண்டுல ஒண்ணு மட்டும் சில்லுனு இருந்துச்சுன்னா அதுதாம்யா சீக்குப் பேரிங்.

தட்டை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு பந்திக்கு முன்னால் போனேன். கொரோனா காலம் நம்மை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைக் கண்டதும் மாப்பிள்ளையின் அப்பா சோற்றுக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நெற்றியை நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் நீட்டினார். அடுத்தவரும் நீட்டினார். வரிசையாக நெற்றிகள். ஒருவர் திருநீற்றைக்கூட இலேசாகத் துடைத்துவிட்டுக்கொண்டார்.

"பாருங்கம்மா, நல்லாப் பாருங்க" என்றார் சம்பந்தி. "நேத்துலேர்ந்து எனக்கும் தலை பாரமாத்தான் இருக்கு."

நீட்டின நெற்றியை விட்டுவிட்டுப் போனால் மரியாதையாக இருக்காதே! அவருக்கு ஒரு தடவை பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு என் கணவரிடம் வந்தேன்.

"சட்டைப் பொத்தானைக் கழட்டுங்க."

"ஏட்டி, என்ன இது? சம்பந்தி இருக்காவ. பந்தியில வச்சா?"

"கழட்டுங்க."

"போன் பையில இல்லட்டி. சாமி சத்தியமா இல்ல."

"பால் பாக்கெட்டு காலையில எங்கன இருந்துச்சு?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையாலேயே பொத்தானைக் கழற்றினார். இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். இடது பக்கம்தான் சூடு; வித்தியாசம் முந்தின நாள் மாலையைவிடக் கூடுதல். நெற்றியில் பார்த்தால் காய்ச்சல் வேறு. கட்டின் ஓரத்தில் தோல் சிவந்திருந்தது. முந்தின நாள் மாலையிலிருந்தே அவருக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது. நான் அளக்க வருவதற்கு முன்னால், ஓய்வாக உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில், கட்டு நனைந்துவிடக் கூடாதே என்று குளிர்ந்த பால் பாக்கெட்டைத் துண்டில் சுற்றிப் பக்கத்துத் தோலில் ஒற்றி ஒற்றி எடுத்திருக்கிறார். வேலையில் சுத்தம் பார்க்கிற மனிதர், ஏமாற்று வேலையிலும் சுத்தம் பார்த்திருக்கிறார். மாலையில் அளவாகக் குளிர வைத்தவர், காலையில் விருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போணும். இப்பவே."

"விழுந்த கரண்டியை மட்டும் தின்னுட்டு வந்துருதேன்" என்றார். நான் அசையவில்லை. அப்போது குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார். "சொதிக்காக இல்லட்டி. நான் இலையை விட்டு எந்திரிச்சா பந்தி கலைஞ்சிரும். மாப்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? கல்யாணத்துக்கு மறுநாள் மாமனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்கன்னு அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஒரு பேச்சு ஆயிரும். இன்னைக்கு ஒரு நாளு விட்டுரு. நாளைக்கு எப்பிடியும் டயாலிசிஸ்க்குப் போறோம்லா."

சொல்லும்போதே அவர் பற்கள் கிட்டிக்கொண்டன. எனக்கு அழுகை வந்தது. மண்டபம் முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நாத்தனார் வறுவல் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மெதுவாகப் பேசினதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் லேத் இரைச்சலில் நாற்பது வருடம் பேசிப் பழகினவர் தாழ்த்துகிற குரல் மூன்று இலை தாண்டிக் கேட்கும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. சொதி ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய்கூட வைக்காத தன் இலையை அவர் மூடினார். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான்தான் மொதல்ல எந்திரிச்சேன். எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா?" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கும் அண்ணாச்சிக்கும் வெளியில ஒரு அவசர சோலி. நீங்க பைய சாப்பிடுங்க. யாரும் எந்திரிக்கக் கூடாது." பிறகு என் கணவரின் தோளைப் பிடித்துத் தூக்கினார். "வாரும்வே. பந்தி எங்க போயிரப்போவுது? இங்கன கலைஞ்சா இன்னொரு நாளு அங்கன போட்டுக்கிடலாம்."

நிச்சயதார்த்தத்தன்று பந்தலுக்காக மல்லுக்கு நின்ற அதே மனிதர். அவர் எழுந்துவிட்டதால் என் கணவர் எழுந்தது யாருக்கும் குறையாகப் படவில்லை. சம்பந்தி இரண்டு பேரும் ஏதோ காரியமாகப் போகிறார்கள் என்றுதான் பின்பந்தியில் பேசிக்கொண்டார்களாம். கையைக் கழுவினதும் கழுவாததுமாகச் சம்பந்தியே காரை ஓட்டினார். வழியெல்லாம் ஸ்டியரிங்கில் சொதி மணந்தது. என் கணவர் பின்சீட்டில் என் புடவை முந்தானையைப் போர்த்திக்கொண்டு, "கிழக்கு பாத்துத்தான் பந்தல் போட்டிருக்கணும், அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான் சரி" என்று நடுங்கிக்கொண்டே சமாதான உடன்படிக்கை செய்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டைத் திறந்தபோது குழாய் வெளிவரும் இடத்தில் கிருமி பிடித்திருந்தது தெரிந்தது. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு உடனே மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆரம்பத்திலேயே வந்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் டயாலிசிஸ் வரைக்கும் விட்டிருந்தால் ரத்தம் முழுக்கப் பரவிக் காரியம் கைமீறிப் போயிருக்கலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பட்டு வேட்டியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சம்பந்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செவிலியர் முழுக் கதையையும் கேட்டார். "பால் பாக்கெட்டா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு படுக்கைப் பக்கம் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏன் அண்ணாச்சி, பேரிங்ல ஈரச் சாக்கைப் போட்டானே ஒருத்தன், அவனை என்ன செஞ்சீங்க?"

"வேலையை விட்டு நிறுத்திட்டேன்" என்றார் என் கணவர், கண்ணை மூடிக்கொண்டே.

"அப்ப உங்களை நாங்க என்ன செய்யணும்?"

 எங்கள் நாற்பது வருட வாழ்க்கையில் அவர் வாயடைத்துப்போனதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். கிழமை திங்கள் என்பதை மறுபடியும் குறிப்பிட விரும்புகிறேன்.

பந்தி முடிந்ததும் நாத்தனார் பெரிய தூக்குச்சட்டியில் சொதியும் பச்சடியும் எடுத்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். "மதினி, அண்ணன் நல்லாயிருக்கானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூச்சே விட்டாள். நல்லாயிருக்கான் என்று தெரிந்ததும் அரை மணி நேரம் அண்ணனைத் திட்டினாள். சம்பந்திக்கு அங்கேயே ஒரு தட்டில் சோறு போட்டோம். மிச்சத்தைப் பணி முடிந்து கிளம்பிய செவிலியர்கள் வெளியே வைத்துச் சாப்பிட்டார்கள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த தாய்மாமன் தலையை மட்டும் திருப்பி, "எலுமிச்சை சரியா புழிஞ்சிருக்கா? இஞ்சி தூக்கலா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "உங்க ரெண்டு கரண்டியும் எங்கிட்ட பத்திரமா இருக்கு அண்ணாச்சி" என்று வெளியிலிருந்து அந்த மூத்த செவிலியரின் குரல் வந்தது.

அந்தக் குழாயை எடுத்துவிட்டு, சரியானதும் வேறு குழாய் வைத்தார்கள். தை மாதத்தில் கை நரம்பு பக்குவப்பட்டுவிட்டது. நெஞ்சில் குழாயே இல்லை என்றாயிற்று. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சொதி வைத்தேன். டாக்டர் அனுமதித்த இரண்டு சிறு கரண்டிதான். அம்பாசமுத்திரத்திலிருந்து சம்பந்தி பஸ் பிடித்து வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "கலைஞ்ச பந்தியை முடிச்சிருவோம்" என்றார். எனக்கு அளப்பதற்கு இப்போது எதுவுமில்லை. சட்டைப் பையில் போன் மட்டும் பழையபடி சூடாகிக்கொண்டு, பேட்டையின் இரைச்சலை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவருகிறது.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். அவரும் பஞ்சாங்கக் கதைக்கும் போன் கதைக்கும் அடுத்தபடியாகப் பால் பாக்கெட் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆனால் இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்ப்பது, சூடு ஏறியிருந்த அந்த மாலையை நினைத்து இல்லை. "நல்லாக் குளுந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பட்டுப்புடவை கட்டப் போன அந்தக் காலையை நினைத்துத்தான்.